41 மி.மீ. ராயல் ஓக்: ஏட்டில் சிறியது, என் கையில் பெரியது

கிளிமெண்டி_வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாகப் பிறர் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்று ஒரு குழப்பத்தோடு வந்திருக்கிறேன். சென்ற சனிக்கிழமை சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் உள்ள ஒரு விற்பனையகத்தில், ஓடெமார் பிகே நிறுவனத்தின் ராயல் ஓக் கைக்கடிகாரத்தை முதன்முறையாக அணிந்து பார்த்தேன். 15510 என்ற எண் கொண்ட, 41 மி.மீ. அகலமுள்ள, நீல டயல் வைத்த ஸ்டீல் கடிகாரம். அது காட்சிக்கு மட்டுமே என்றும், வேண்டுமானால் பெயரைப் பதிந்துகொள்ளலாம், அழைப்பு எப்போது வரும் என்று உறுதி கூற இயலாது என்றும் முன்பே சொல்லிவிட்டார்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. என் குழப்பம் வேறு.

என் மணிக்கட்டின் சுற்றளவு 16.5 செ.மீ., அதாவது ஏறக்குறைய ஆறரை அங்குலம். ஆறு ஆண்டுகளாக ஒமேகா ஸ்பீட்மாஸ்டரைத் தோல் பட்டையில் அணிந்து வருகிறேன். அதன் அகலம் 42 மி.மீ.; தடிமனோ 13 மி.மீ.க்கும் மேல். அது என் கையில் ஒருநாளும் பெரிதாகத் தெரிந்ததில்லை. ராயல் ஓக்கின் தடிமன் பத்தரை மி.மீ. அளவுதான். எந்தப் பக்கம் அளந்தாலும் ராயல் ஓக்கே சிறியது என்பதால், அளவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நிறத்தைத்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற நினைப்பில் போனேன்.

கையில் வைத்ததும் அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. கடிகாரத்தின் உடல் மணிக்கட்டின் மேல் பலகை போலப் படிந்தது. அதிலிருந்து தொடங்கும் பட்டையின் முதல் கண்ணி கீழ்நோக்கி வளையாமல் இரு பக்கமும் நேராக நீட்டிக்கொண்டு நின்றது. என் கைக்கும் பட்டைக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு வெற்றிடம் தெரிந்தது. கண்ணிகள் எதுவும் எடுக்கப்படாத முழுநீளப் பட்டை என்பதால் விற்பனையாளர் அடிப்பக்கத்தை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிகப் பொருத்தமாக இருக்கிறது என்றார். நான்கடி தள்ளி நின்ற என் மனைவியோ, அண்ணன் கடிகாரத்தைத் தம்பி எடுத்து மாட்டிக்கொண்டது போல் இருக்கிறது என்றாள்.

ஆனால் அதன் வேலைப்பாட்டை என்னவென்று சொல்வது! சீராகத் தேய்த்த ஸ்டீல் பரப்பும், அதன் ஓரத்தில் கண்ணாடி போல மெருகேற்றிய சரிவும் சந்திக்கும் கோடு ஓரிடத்திலும் பிசகவில்லை. கையை அசைக்கும்போது அந்த விளிம்பில் ஒளி ஓடி வந்து கண்ணிக்குக் கண்ணி தாவுவதைப் படங்களில் பார்த்திருந்தும், நேரில் காணும்போது பேச்சு வரவில்லை. இப்போது கேள்வி இதுதான்: 42 மி.மீ. பொருந்தும் கையில் 41 ஏன் பெரிதாகத் தெரிகிறது? முதல் பார்வையை நம்பி விட்டுவிடுவதா, பழகினால் சரியாகிவிடுமா?

நொடிமுள் எழுதியது:

சுற்றளவை விடுங்கள். உங்கள் மணிக்கட்டின் மேற்புறம் தட்டையாக எத்தனை மி.மீ. இருக்கிறது? ஒரே 16.5 செ.மீ. சுற்றளவில் ஒருவருக்கு உருண்டையான கையும் இன்னொருவருக்குப் பட்டையான கையும் அமையும். கடிகாரம் உட்காருவது மேற்புறத்தில் மட்டுமே. அந்த ஓர் எண்ணைத் தந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

சாவி_கொடுப்பவர் எழுதியது:

தம்பி, சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடிகாரப் பழுது பார்க்கிறேன். இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஸ்பீட்மாஸ்டரின் 42 மி.மீ. ஒரு வகையில் கண்ணை ஏமாற்றும் எண். அந்தக் கடிகாரத்தின் உடல் இரு பக்கமும் சமமானதன்று. சாவி கொடுக்கும் குமிழான சாவித்திருகும், பொத்தான்களும் உள்ள வலப்பக்கம் அவற்றைக் காப்பதற்காகச் சற்றுப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பையும் சேர்த்துத்தான் 42. கண்ணுக்குத் தெரியும் கறுப்பு வளையம் ஏறத்தாழ 40 மி.மீ.தான். அதைவிட முக்கியம், பட்டை மாட்டும் நான்கு கொம்புகள், அதாவது லக்குகள். அவை முறுகிக் கீழ்நோக்கி வளைந்தவை. மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை 48 மி.மீ.க்குள் அடங்கிவிடும். அங்கிருந்து தோல் பட்டை செங்குத்தாகக் கீழே விழுந்து கையைத் தழுவிக்கொள்ளும்.

ராயல் ஓக்கில் லக் என்ற தனி உறுப்பே இல்லை. உடலும் பட்டையும் ஒரே ஓட்டத்தில் வடிக்கப்பட்டவை. முதல் கண்ணி உடலின் நீட்சியாகவே நிற்பதால், உங்கள் கைக்கு அது பட்டையாகாது, கடிகாரமாகத்தான் சேரும். எனவே 41 என்ற அகலத்தைப் பார்ப்பதில் பயனில்லை. வளையத் தொடங்கும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கத்தில் வளையத் தொடங்கும் இடம் வரை அளந்தால் ஏறத்தாழ 51 மி.மீ. வரும். உங்கள் மணிக்கட்டின் தட்டையான பகுதி அதைவிடக் குறைவாக இருந்தால், நீங்கள் சொன்ன பென்சில் இடைவெளி வந்தே தீரும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அது போகாது. இதற்கு நேர்மாறாக, 44 மி.மீ.க்கும் மேல் அகலமுள்ள சீகோவின் டர்டில் என்ற மூழ்குக் கடிகாரம் சிறிய கைகளிலும் ஒழுங்காக உட்காருகிறது. அதன் நீளமும் 48 அளவுதான்.

ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. கெட்டியான அட்டையில் 41 மி.மீ. அகலமும் 51 மி.மீ. நீளமும் உள்ள துண்டு ஒன்றை வெட்டி, ரப்பர் வளையத்தால் கையில் கட்டிக்கொண்டு ஒருநாள் நடமாடிப் பாருங்கள். விற்பனையகத்தின் மெத்தை நாற்காலியில் கிடைக்காத உண்மை அதில் கிடைக்கும்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. டயலைச் சுற்றியுள்ள அந்த எண்கோண வளையத்தில் தெரியும் எட்டுத் திருகாணிகளின் வெட்டுக்கோடுகள் எல்லாம் வட்டத்தின் போக்கிலேயே ஒழுங்காக அமைந்திருப்பதைக் கவனித்தீர்களா? சாதாரணத் திருகாணி என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நிற்கும். இங்கே அவை சுழல்வதே இல்லை. அறுகோணத் தலை அறுகோணக் குழியில் அசையாமல் அமர்ந்திருக்க, இறுக்குவது பின்பக்கத்திலிருந்து. இதை அறியாமல் முன்பக்கத்தில் திருப்புளியை வைத்துக் கீறிவிட்டு என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு.

ஸ்காபரோ_குளிர் எழுதியது:

நான் கனடாவில் இருக்கிறேன். இங்கே ஆண்டில் ஐந்து மாதங்களுக்குக் கடிகாரம் என்றால் சட்டைக்கை, அதன் மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் குளிர் அங்கி என்று மூன்று அடுக்குகளுக்கு அடியில் கிடக்கும் பொருள். ஆகவே எனக்குத் தடிமன்தான் முதற்கணக்கு. அந்த வகையில் 15510 மோசமில்லை. ஆனால் நீங்கள் உண்மையில் அணிந்து பார்க்க வேண்டியது 39 மி.மீ. அகலமுள்ள 16202. அதன் தடிமன் 8.1 மி.மீ. மட்டுமே. 1972இல் வந்த முதல் ராயல் ஓக்கின் உருவத்தை ஒட்டியது. அந்த மெல்லிய உடல் கையில் படிந்து கிடக்கும் விதமே தனி. நான் நண்பர் ஒருவருடையதை அரைமணி நேரம் அணிந்திருந்தேன். திருப்பிக் கொடுக்கும்போது மனம் வரவில்லை.

கிளிமெண்டி_வாசி எழுதியது:

நொடிமுள், அளந்துவிட்டேன். மேற்புறத் தட்டை 50 மி.மீ.கூட இல்லை. சாவி_கொடுப்பவர் ஐயா, நீங்கள் சொன்னபடி அட்டை வெட்டிவிட்டேன். நாளை அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். ஸ்காபரோ நண்பரே, 39ஐப் பற்றி நானும் கேட்டேன். அதைக் காட்சிக்குக்கூட வைத்திருக்கவில்லை என்றார்கள். இல்லாத கடிகாரத்தை எப்படி அணிந்து பார்ப்பது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாரும் கூடி ஒரு நல்ல கடிகாரத்தை அவர் மனத்திலிருந்து இறக்கிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து ஒன்றை முன்வைக்கிறேன்.

விற்பனையகத்தில் அணிந்து பார்ப்பதே நம்பத்தகாத சோதனை. மேலிருந்து குறிவைத்து விழும் விளக்கொளியில் எந்த ஸ்டீலும் வைரம் போல மின்னும். நீங்கள் பார்த்த அந்த நீல டயலை நிழலில் கொண்டுபோய்ப் பார்த்தால் கரும்சாம்பலாகத் தெரியும். பட்டை அளவு சரிசெய்யப்படாததால் கடிகாரம் ஒரு பக்கம் சாயும். சரிசெய்த பிறகு அதே கடிகாரம் வேறு விதமாக உட்காரும். போதாததற்குக் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டில் போய்ப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். கைப்பேசியின் லென்ஸ் அருகில் உள்ளதைப் பெரிதாகவும் தள்ளியுள்ளதைச் சிறிதாகவும் காட்டும். கையிலிருந்து ஒரு சாண் தொலைவில் எடுத்த படத்தில் கடிகாரம் தட்டு போலத்தான் இருக்கும். அதைப் பார்த்து ‘பெரிது’ என்று தீர்ப்பு எழுதுவது முறையாகாது.

மேலும், கண் பழகும். நான் 36 மி.மீ. கடிகாரத்திலிருந்து 40க்கு மாறியபோது முதல் வாரம் கூச்சமாக இருந்தது; இரண்டாம் மாதம் பழைய கடிகாரம்தான் பொம்மை போலத் தெரிந்தது. பத்து நிமிடத் தயக்கத்தை வைத்து இவ்வளவு பெரிய முடிவை எடுக்க வேண்டாம்.

சாவி_கொடுப்பவர் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, விளக்கொளியும் கைப்பேசிப் படமும் பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். கண் பழகும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் எலும்பு பழகாது. கடிகாரத்தின் நீளம் மணிக்கட்டைத் தாண்டும்போது, அது தளர்ந்து கைப்பக்கம் நழுவி, கையை மேல்நோக்கி மடக்கும் ஒவ்வொரு முறையும் சாவித்திருகு புறங்கையில் குத்தும். நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழும்போதும், வண்டியின் கைப்பிடியைப் பிடிக்கும்போதும் இது தெரியும். இரண்டு ஆண்டுகள் கழித்து என்னிடம் பட்டையை இறுக்கித் தரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் பட்டையில் குறை இராது.

வெப்ப நாட்டில் இன்னொரு சிக்கலும் சேரும். காலையில் தளர்வாக இருக்கும் பட்டை மாலை வெயிலில் நடந்து வந்தால் இறுகிப் பிடிக்கும். ரோலெக்ஸ் சப்மரைனரின் பூட்டில் 2 மி.மீ. படிகளாக 20 மி.மீ. வரை, கருவி எதுவுமின்றி நீட்டவும் குறைக்கவும் வழி உண்டு. ராயல் ஓக்கின் மடிப்புப் பூட்டில் அத்தகைய நுண்சரிசெய்தல் கிடையாது. கண்ணியை எடுப்பதும் சேர்ப்பதும்தான் வழி. அதிலும் ஒரு நுட்பம்: பட்டை பூட்டை நோக்கிப் படிப்படியாகக் குறுகுவதால், ஓரிடத்துக் கண்ணியை இன்னோரிடத்தில் பொருத்த முடியாது. எனவே எந்த நேரத்தில் அளவு எடுக்கிறோம் என்பது இந்தக் கடிகாரத்துக்கு மிகவும் முக்கியம். பிற்பகலில் போய், சற்று நடந்துவிட்டு, கை வீங்கிய நிலையில் அணிந்து பாருங்கள்.

மஞ்சள்வெயில் எழுதியது:

இதுவரை யாரும் 37 மி.மீ. ராயல் ஓக்கைப் பற்றிப் பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு நான் என் கணவருடன் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். 41ஐ எடுத்துக் காட்டச் சொன்னவள் நான். கடிகாரம் வைத்த தட்டை என் கணவர் முன் வைத்துவிட்டு, எனக்கு வைரம் பதித்த வேறொன்றை எடுத்து வந்தார்கள். 37ஐக் காட்டும்போது, இது பெண்களுக்கானது ஐயா என்று என் கணவரிடம் விளக்கமும் சொன்னார்கள். அவர் கடிகாரமே கட்டுவதில்லை.

அந்த விளக்கத்தில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். கடிகார வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா ஒரே இரவில் வரைந்ததாகச் சொல்லப்படும் அந்த முதல் ராயல் ஓக் 1972இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கடிகாரக் கண்காட்சியில் வெளிவந்தபோது அதன் அகலம் 39 மி.மீ.தான். அது அக்கால ஆண்களின் கைக்கு மிகப் பெரிதாகத் தெரிந்ததால்தான் ‘ஜம்போ’ என்ற பட்டப்பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. ஸ்டீல் கடிகாரத்துக்கு 3,300 பிராங்க் விலையா என்று முணுமுணுத்தவர்கள், அளவையும் பார்த்து முகம் சுளித்தார்கள். அன்றைக்கு யானை அளவு என்று பெயர் வாங்கிய கடிகாரத்தைவிட இரண்டே மி.மீ. குறைந்தது இன்று பெண்களுக்கானதாகிவிட்டது! பெண்களுக்கென்றே முதல் ராயல் ஓக்கை 1976இல் வடிவமைத்தவர் ஜாக்குலின் டிமியே. அது வேறு, மிகச் சிறியது.

நான் கடைசியில் 37ஐ அணிந்து பார்த்தேன். என் கை 15.5 செ.மீ. முதல் கண்ணி முடிந்தவுடன் பட்டை கீழே இறங்கிவிட்டது. இடைவெளி எதுவும் தெரியவில்லை. கிளிமெண்டி நண்பரே, உங்கள் கைக்கு அது இன்னும் எளிதாகப் பொருந்தும். அட்டைப்பெட்டியின் மேல் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ஒருமுறை கேட்டு வாங்கி அணிந்து பாருங்கள்.

நொடிமுள் எழுதியது:

மஞ்சள்வெயில் அக்கா சொல்வது முற்றிலும் சரி. நானும் கடையில் 37ஐக் கேட்கத் தயங்கியவன்தான். தயங்கியதற்கு அளவைத் தவிர வேறு காரணம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கிளிமெண்டி_வாசி எழுதியது:

மீண்டும் போய் வந்தேன். இம்முறை சனிக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து, விடுப்பு எடுத்துக்கொண்டு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சாமர்செட் ரயில் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்தே போனேன். ஐயா சொன்னபடி கை வீங்கியிருந்ததா என்று அளக்கவில்லை, வியர்த்திருந்தது உண்மை. உள்ளே குளிரில் கால்மணி நேரம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் தட்டை எடுத்து வந்தார்கள். அத்தனை நடையும் வீண்.

முதலில் 41. சென்ற முறை செய்யாத இரண்டைச் செய்தேன். ஒன்று, அடியில் பிடித்திருந்த விரல்களை எடுக்கச் சொல்லிவிட்டு, மிகுதியாக இருந்த கண்ணிகளை நானே பூட்டின் இரு பக்கமும் சமமாக மடித்துப் பிடித்துக்கொண்டேன். பூட்டு கையின் அடிப்பகுதியில் நடுவாக வந்ததும் கடிகாரம் சாய்வது நின்றது. கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு இங்கே ஒரு மதிப்பெண் தர வேண்டும்; சென்ற வாரம் நான் பார்த்த அலங்கோலத்தில் ஒரு பங்கு பட்டையால் வந்தது. இரண்டு, உட்கார்ந்த இடத்தில் குனிந்து பார்க்காமல், எழுந்து போய் ஆளுயரக் கண்ணாடிக்கு முன் ஆறடி தள்ளி நின்று கையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பிறர் நம்மைப் பார்க்கும் தொலைவு அதுதானே. அங்கிருந்து பார்க்கும்போது 41 அப்படியொன்றும் பூதாகரமாக இல்லை. ஆனால் கையைத் திருப்பிப் பக்கவாட்டில் காட்டியதும் அந்தப் பென்சில் இடைவெளி கண்ணாடியிலும் தெரிந்தது. மேசையை ஊன்றி எழுந்தபோது திருகு புறங்கையில் அழுத்தியது. எலும்பு விஷயத்தில் ஐயா சொன்னதே சரி.

பிறகு 37ஐக் கேட்டேன். நல்ல வேளையாக, எந்த விளக்கமும் இல்லாமல் எடுத்து வந்தார்கள். கையில் வைத்ததும் இரு பக்கமும் இறங்கிப் படிந்துவிட்டது. அதை அணிந்திருப்பதையே மறந்துவிட்டுக் கைகட்டி நின்றேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தில் எது வேண்டும் என்று கேட்டால் எனக்கு அந்த மறதிதான் வேண்டும் என்பேன். இருந்தும் முழு நிறைவு வரவில்லை என்பதைச் சொல்லாமல் விட முடியாது. டயல் சிறுத்ததும் எண்கோண வளையம் ஓங்கித் தெரிகிறது. டயலில் உள்ள அந்தச் சிறு சதுரக் கட்டங்களின் விளையாட்டு 41இல் தாராளமாக இருந்தது; இங்கே அது நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. 41இன் முகமும் 37இன் உடலும் சேர்ந்தால் எனக்கான கடிகாரம் ஆகிவிடும். அதைத்தான் 39 என்று செய்து, யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறார்கள்!

கைப்பேசியில் படம் எடுக்கவில்லை. டயலை மட்டும் வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாமா என்று கேட்டேன். விற்பனையாளர் கூடவே வந்து நின்றார். நீலம் கருத்தது உண்மைதான். எனக்கு அந்தக் கருமை இன்னும் பிடித்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மதிப்பெண்ணுக்கு நன்றி. திருகு அழுத்துகிறது என்றால் நானும் என் வாதத்தை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் 37ஐ அரைமனத்தோடு வாங்கிவிடாதீர்கள். நீங்கள் அந்த டயலைத்தான் நாள்தோறும் பார்க்கப் போகிறீர்கள், பக்கவாட்டு இடைவெளியை அல்ல. இதே வகையில், வாஷெரோன் கான்ஸ்டன்டின் நிறுவனத்தின் ஓவர்சீஸ் கடிகாரத்தையும் ஒருமுறை அணிந்து பாருங்கள். அதில் கருவியில்லாமலே ஸ்டீல் பட்டையைக் கழற்றிவிட்டு ரப்பர் பட்டையோ தோல் பட்டையோ மாட்டிக்கொள்ளலாம். வெயில் நாட்டுக்கு அது பெரிய வசதி.

சாவி_கொடுப்பவர் எழுதியது:

தம்பி, ஒன்று கேட்க மறந்தேன். அட்டை என்ன ஆயிற்று?

கிளிமெண்டி_வாசி எழுதியது:

ஐயா, அட்டையை ஒருநாள் முழுவதும் கட்டியிருந்தேன். காலைக் கூட்டத்தில் மேலாளர் கையில் அடிபட்டதா என்று கேட்டார். மதியம் தட்டச்சு செய்யும்போது இரண்டு முறை மேசை விளிம்பில் தட்டியது. மாலை ரயிலில் கம்பியைப் பிடித்தபோது அட்டையின் ஓரம் மடங்கிவிட்டது. ஸ்டீல் மடங்காது என்பதால் மடங்கியிருக்க வேண்டியது என் தோல்தான் என்று புரிந்துகொண்டேன். அடுத்த நாள், அதைவிட ஐந்து மி.மீ. குறைவான நீளத்தில், 37க்காக இன்னொன்று வெட்டிக் கட்டினேன். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

37க்குப் பெயர் பதிந்திருக்கிறேன். 39 எப்போதாவது காட்சிக்கு வந்தால் சொல்லும்படியும் கேட்டிருக்கிறேன். ஓவர்சீஸை அணிந்து பார்க்க அடுத்த வாரம் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் ஓர் அட்டை வெட்ட வேண்டும், அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.